இரண்டு ஓட்டில் ஒரு எம்.பி.: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டன் தேர்தல்களில் நூலிழையில் தீர்மானமான முடிவுகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். ஸ்காட்லாந்தின் நார்த் ஈஸ்ட் ஃபைஃப் தொகுதியில் 2017-ல் 2 ஓட்டு வித்தியாசத்தில் ஒருவர் வென்றார் என்று அதில் இருந்த ஒரு வரிக்கு மட்டும் எக்கச்சக்கமான கேள்விகள். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: 2 ஓட்டா, 2,000 ஓட்டா? அச்சுப் பிழை இல்லையே?

பிழையே இல்லை, 2 ஓட்டுதான். 8 ஜூன் 2017 அன்று நடந்த பொதுத்தேர்தல். எஸ்.என்.பி. எனப்படும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் ஸ்டீபன் கெத்தின்ஸ் 13,743 ஓட்டு வாங்கினார். லிபரல் டெமாக்ரட் கட்சியின் எலிசபெத் ரிச்சஸ் 13,741. கன்சர்வேடிவ் 10,088, லேபர் 4,026, ஐந்தாவதாக ஒரு சிறு கட்சிக்காரர் 224. பதிவான செல்லுபடி ஓட்டு மொத்தம் 41,822. ஜெயித்தவர், தோற்றவர் இருவருக்குமே 32.9 சதவீதம். அதாவது மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் வேண்டாம் என்றவர்தான் எம்.பி. ஆனார். அதிக ஓட்டு வாங்கியவருக்கே தொகுதி என்ற முறையில் இது சகஜம்.

கேள்வி: அவ்வளவு நெருக்கமாக வந்தால் எத்தனை முறை எண்ணுவார்கள்? வேட்பாளர் கேட்டாலே மறு எண்ணிக்கை கிடைக்குமா?

அங்கே மூன்று முறை மறு எண்ணிக்கை நடந்தது. ஆனால் கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று சட்டம் சொல்லவில்லை. கோரிக்கை நியாயமில்லை என்று பட்டால் தேர்தல் நடத்தும் அலுவலர் மறுக்கலாம். கேட்பதற்கும் நேரம் உண்டு. உத்தேச எண்ணிக்கையை வேட்பாளர்களுக்கும் ஏஜென்டுகளுக்கும் முதலில் காட்டுவார். மேடையேறி அறிவிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அறிவித்தபின் நீதிமன்றம்தான்.

பிரிட்டனில் இந்தத் தேர்தலுக்கு மின்னணு இயந்திரம் கிடையாது. காகிதச் சீட்டு, சாவடியில் நூல் கட்டித் தொங்கும் பென்சில், பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி. இரவு 10 மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்ததும் பெட்டிகள் எண்ணும் கூடத்துக்கு வந்து, அன்றிரவே வேலை தொடங்கிவிடும். முதல் கட்டம் சரிபார்ப்பு. பெட்டியில் இருக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை, சாவடி அலுவலர் எழுதித் தந்த கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். யாருக்கு எத்தனை என்று அப்போது எண்ணுவதில்லை. பிறகு வெவ்வேறு பெட்டிச் சீட்டுகளைக் கலந்துவிட்டுத்தான் பிரிப்பார்கள். எந்த ஊர் யாருக்குப் போட்டது என்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக.

கட்சிக்காரர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சரிபார்ப்பின்போது சீட்டை முகம் மேலே தெரியும்படி விரிப்பார்கள். மேஜைக்கு எதிர்ப்பக்கம் அட்டையும் பேனாவுமாக நிற்கும் ஏஜென்டுகள், கண்ணில் படும் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வருவார்கள். இந்தப் பெட்டி எந்தக் கிராமத்துடையது என்று அவர்களுக்குத் தெரியும். அதிகாரபூர்வமாகச் சாவடிவாரி முடிவு வெளிவராத நாட்டில், எந்த ஊரில் நாம் பலம், எந்த ஊரில் பலவீனம் என்று கட்சிகளுக்குக் கிடைக்கும் தரவு பெரும்பாலும் இந்தக் கோடுகள்தான்.

மறு எண்ணிக்கையில் முதலில் தேடுவது கட்டு மாறிய தவறை. சீட்டுகளைச் சம எண்ணிக்கையில் கட்டி அடுக்குவார்கள். 50 சீட்டுக் கட்டு ஒன்று தவறான வேட்பாளரின் அடுக்கில் உட்கார்ந்துவிட்டால் ஒருவருக்கு 50 குறையும், மற்றவருக்கு 50 கூடும். வித்தியாசத்தில் 100 ஆடிவிடும். அதனால் கட்டுகளைப் புரட்டி, உள்ளே வேறு பெயருக்கான சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஒவ்வொரு சீட்டாக முழு எண்ணிக்கை. கடைசியாகச் செல்லாத ஓட்டுக் குவியல்.

கேள்வி: எதையெல்லாம் செல்லாத ஓட்டு என்பார்கள்?

நான்கு வகை. அதிகாரபூர்வ முத்திரை இல்லாத சீட்டு, ஒன்றுக்கு மேற்பட்டவருக்குக் குறி போட்டது, வாக்காளர் யார் என்று காட்டிக்கொடுக்கும்படி எழுதியது, ஒன்றும் போடாதது அல்லது யாருக்கு என்று புரியாதது. பெருக்கல் குறிக்குப் பதில் 'டிக்' அடித்திருந்தாலும், குறி கட்டத்துக்குச் சற்று வெளியே போயிருந்தாலும், எண்ணம் தெளிவாக இருந்தால் ஏற்பார்கள். 2 ஓட்டு வித்தியாசத்தில் ஒவ்வொரு சந்தேகச் சீட்டுக்கும் இரண்டு தரப்பு ஏஜென்டுகளும் மல்லுக்கட்டுவார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

முத்திரை விஷயத்தில் விபரீதம் நடந்தும் இருக்கிறது. இங்கிலாந்தின் வின்செஸ்டர் தொகுதியில் 1997-லும் வித்தியாசம் இதே 2 ஓட்டு. முத்திரை குத்தாததால் தள்ளப்பட்ட சீட்டுகளைச் சேர்த்திருந்தால் முடிவே மாறியிருக்கும் என்று கண்டு, நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்தது. சில மாதத்தில் நடந்த இடைத்தேர்தலில் அதே லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் மார்க் ஓட்டன் 21,556 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்! சாவடி ஊழியர் குத்த மறக்கும் வம்பே வேண்டாம் என்று இப்போது அந்த அடையாளத்தைச் சீட்டிலேயே அச்சிட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: இருவருக்கும் சமமாக வந்திருந்தால்?

சீட்டுக் குலுக்கல். தேர்தல் நடத்தும் அலுவலர் குலுக்கி எடுப்பார். பெயர் வந்தவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாகக் கிடைத்ததாகக் கணக்கு.

கேள்வி: அந்தத் தொகுதி எப்படிப்பட்டது? ஸ்காட்லாந்து என்றால் சுரங்கத் தொழிலாளர், லேபர் கட்சி என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்.

ஃபைஃப் என்பது ஃபோர்த், டே என்ற இரண்டு கழிமுகங்களுக்கு நடுவே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். அதன் மேற்குப் பகுதிதான் நீங்கள் சொல்லும் சுரங்கப் பூமி. வெஸ்ட் ஃபைஃப் தொகுதி 1935 முதல் 1950 வரை வில்லி கல்லாகர் என்ற கம்யூனிஸ்டை எம்.பி.யாக அனுப்பியது. வடகிழக்குப் பகுதி வேறு உலகம். 1413-ல் தொடங்கிய பல்கலைக்கழகமும் உலகப் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானமும் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ், பழைய மாவட்டத் தலைநகரான கூப்பர், நடுவே தானியம் விளையும் பண்ணை நிலம், தென்கரையில் கிரெயில், ஆன்ஸ்ட்ரதர், பிட்டன்வீம், செயின்ட் மோனன்ஸ் என்று வரிசையாக மீன்பிடி ஊர்கள். வடக்கே டே நதிக்கரையில் நியூபோர்ட், டேபோர்ட், வார்மிட் ஆகிய ஊர்க்காரர்கள் பாலத்தைத் தாண்டி டண்டீக்கு வேலைக்குப் போய் வருபவர்கள். லூக்கர்ஸில் விமானப்படைத் தளம் இருந்தது. 2015-ல் அது ராணுவத்தின் கைக்குப் போனது.

பேராசிரியர், பண்ணைக்காரர், மீனவர், ஓய்வுபெற்றவர், சிப்பாய், மாணவர் எல்லாரும் சேர்ந்த இடம். இதில் எந்த ஒரு பிரிவும் தனியாக ஒரு கட்சியைக் கரை சேர்க்கப் போதாது.

கேள்வி: லேபர் அங்கே எப்போதாவது ஜெயித்திருக்கிறதா?

இல்லை. 1983-க்கு முன் அதே நிலப்பரப்பில் இருந்த ஈஸ்ட் ஃபைஃப் தொகுதியைச் சேர்த்துப் பார்த்தாலும், ஒருமுறைகூட இல்லை.

கேள்வி: பிரதமராக இருந்த ஒருவரே அங்கே தோற்றார் என்கிறார்களே?

ஹெர்பர்ட் ஹென்றி ஆஸ்க்வித். 1886 முதல் ஈஸ்ட் ஃபைஃபின் எம்.பி., 1908 முதல் 1916 வரை பிரதமர். முதல் உலகப் போரின் நடுவில் தன் லிபரல் கட்சிக்காரரான லாயிட் ஜார்ஜிடம் பதவியை இழந்தார். லிபரல் கட்சி இரண்டாகப் பிளந்தது. போர் முடிந்து 1918 டிசம்பரில் தேர்தல் வந்தபோது, 32 வருடம் வைத்திருந்த தொகுதியில் கர்னல் அலெக்சாண்டர் ஸ்ப்ராட் என்ற யூனியனிஸ்ட் (ஸ்காட்லாந்தில் அன்று கன்சர்வேடிவ்களுக்கு அந்தப் பெயர்) 8,996 ஓட்டு வாங்கினார், ஆஸ்க்வித் 6,994. இதில் வேடிக்கை, லாயிட் ஜார்ஜ் கூட்டணி தன் வேட்பாளர்களுக்குக் கொடுத்த ஆதரவுக் கடிதம் ஸ்ப்ராட்டுக்குக் கொடுக்கப்படவில்லை. கூட்டணியின் கடிதமில்லாமலே முன்னாள் பிரதமர் வீழ்ந்தார். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பெரும்பாலோருக்கு முதன்முதலாக ஓட்டுக் கிடைத்த தேர்தல் அது. வாக்காளர் பட்டியலே முற்றிலும் புதிது. பழைய பட்டியலை நம்பிய பழைய எம்.பி.க்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தேட வேண்டியதில்லை. 1920-ல் பெய்ஸ்லி இடைத்தேர்தல் வழியாகத்தான் ஆஸ்க்வித் நாடாளுமன்றத்துக்குத் திரும்பினார்.

கொசுறாக ஒன்று: 1933-ல் இதே ஈஸ்ட் ஃபைஃபில் நடந்த இடைத்தேர்தலில் எழுத்தாளர் எரிக் லிங்க்லேட்டர் 'நேஷனல் பார்ட்டி ஆஃப் ஸ்காட்லாந்து' கட்சியின் சார்பில் நின்றார். டெபாசிட் போயிற்று.

கேள்வி: லிபரல் டெமாக்ரட்டுகள் அங்கே எப்படி வேர் பிடித்தார்கள்?

ஒரே ஆள், ஒரே தொகுதி, விடாப்பிடி. மென்சீஸ் கேம்பல் வழக்கறிஞர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 1979-ல் ஈஸ்ட் ஃபைஃபில் நின்று தோற்றார். 1983-ல் தொகுதி நார்த் ஈஸ்ட் ஃபைஃப் ஆனபோது கன்சர்வேடிவ் பாரி ஹெண்டர்சனிடம் 2,185 ஓட்டில் தோற்றார். 1987-ல் அதே ஹெண்டர்சனை 1,447 ஓட்டில் வென்றார். 1933 முதல் கன்சர்வேடிவ்களும் அவர்களோடு சேர்ந்து நின்ற லிபரல்களும் விடாமல் வைத்திருந்த கோட்டை அது.

அதன்பின் வித்தியாசம் ஏறிய விதத்தைப் பாருங்கள்: 1992-ல் 3,308, 1997-ல் 10,356, 2001-ல் 9,736, 2005-ல் 12,571. 2006 மார்ச் முதல் 2007 அக்டோபர் வரை கட்சித் தலைவராகவும் இருந்தார். 2010-லும் 9,048. 2015-ல் போட்டியிடவில்லை. 2025 செப்டம்பரில் காலமானார்.

தொகுதியில் லிபரல் எண்ணம் ஊறிப்போயிருந்தது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கன்சர்வேடிவ் வேண்டாம் என்றவர்களில் லேபர்காரர், தேசியவாதி, நடுநிலையாளர் எல்லாரும் ஒதுங்க ஒரே கூரை கேம்பல்தான் என்று ஆகிவிட்டது. அவர் விலகி, எதிரியும் மாறியபோது என்ன ஆனது என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: 2010-ல் எஸ்.என்.பி. அங்கே எந்த இடம்? ஐந்தே வருடத்தில் எப்படி முதலிடம்?

2010-ல் நான்காவது இடம், 5,685 ஓட்டு. 2015-ல் 18,523. காரணம் இரண்டு. 2010-ல் லிபரல் டெமாக்ரட்டுகள் லண்டனில் கன்சர்வேடிவ்களோடு கூட்டணி ஆட்சி அமைத்தார்கள். கன்சர்வேடிவ் வரக்கூடாது என்பதற்காகக் கேம்பலுக்குப் போட்டவர்களுக்கு அந்தக் காரணம் போய்விட்டது. அடுத்து, ஸ்காட்லாந்து பிரிட்டனிலிருந்து பிரிந்து தனி நாடாக வேண்டுமா என்று கேட்ட 2014 சுதந்திர வாக்கெடுப்பு. ஃபைஃபில் 55 சதவீதம் 'வேண்டாம்' என்றது. ஆனால் 'வேண்டும்' என்ற 45 சதவீதம் அடுத்த பொதுத்தேர்தலில் பெரும்பாலும் ஒரே கட்சியின், அதாவது சுதந்திரம் கேட்கும் எஸ்.என்.பி.யின் பின்னால் திரண்டது. 'வேண்டாம்' என்றவர்கள் மூன்று கட்சியாகச் சிதறினார்கள். ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56 எஸ்.என்.பி.க்குப் போன ஆண்டு அது. இங்கே கெத்தின்ஸுக்கு 4,344 ஓட்டு வித்தியாசம்.

இப்போது 2017-ஐ இதன் பக்கத்தில் வையுங்கள். லிபரல் டெமாக்ரட் ஓட்டு 14,179-லிருந்து 13,741 ஆகக் *குறைந்தது*. ஓட்டு குறைந்த கட்சி ஜெயத்துக்கு 2 ஓட்டு தூரத்தில் வந்து நின்றதற்குக் காரணம், எஸ்.என்.பி. 4,780 ஓட்டை இழந்ததுதான். அதே தேர்தலில் கன்சர்வேடிவ் ஓட்டு 7,373-லிருந்து 10,088 ஆக ஏறியது. இன்னொரு வாக்கெடுப்பு வேண்டாம் என்பதே அன்று அவர்களின் கோஷம். அந்த ஏற்றத்தில் மூன்று ஓட்டு லிபரல் பக்கம் சாய்ந்திருந்தாலும் கதை வேறு. மறுபக்கமும் பாருங்கள்: 2015-ல் 1,387 ஓட்டு வாங்கிய கிரீன் கட்சி 2017-ல் அங்கே நிற்கவில்லை. சுதந்திரத்தை ஆதரிக்கும் கட்சி அது. நின்றிருந்தால் கெத்தின்ஸ் தப்பியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

கேள்வி: 2019-ல் எஸ்.என்.பி. ஸ்காட்லாந்து முழுக்க ஏறியது. இங்கே மட்டும் ஏன் தோற்றது?

தோற்றது, ஆனால் ஓட்டில் இறங்கித் தோற்கவில்லை. கெத்தின்ஸ் 18,447, முந்தைய தேர்தலைவிட 4,704 அதிகம். லிபரல் டெமாக்ரட் வெண்டி சேம்பர்லின் 19,763. கட்சிக்கு 6,022 அதிகம். கன்சர்வேடிவ் 5,961 ஆகச் சரிந்தது, 4,127 போயிற்று. லேபர் 1,707, போனது 2,319. 1,316 ஓட்டு வித்தியாசத்தில் தொகுதி கைமாறியது.

எந்த வாக்காளர் எங்கே போனார் என்று இந்த எண்களால் அடித்துச் சொல்ல முடியாது. 4,056 ஓட்டு கூடுதலாகவும் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் மூன்றாம், நான்காம் இடத்திலிருந்து 6,446 ஓட்டு கரைந்ததும் லிபரல் பக்கம் 6,022 சேர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகிற பொருத்தமில்லை. 2 ஓட்டு முடிவுதான் இதற்குப் பிரசாரமே செய்துவிட்டது. இங்கே எஸ்.என்.பி.யை வீழ்த்தக்கூடியவர் யார் என்று கன்சர்வேடிவ் ஆதரவாளருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே இரவில் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவர் ஜோ ஸ்வின்சன் தன் சொந்தத் தொகுதியான ஈஸ்ட் டன்பார்ட்டன்ஷயரில் 149 ஓட்டில் எஸ்.என்.பி.யிடம் தோற்றார்.

2024-ல் சேம்பர்லின் 23,384, எஸ்.என்.பி. 9,905. வித்தியாசம் 13,479. அந்தத் தேர்தலுக்குமுன் எல்லைகள் மறுவரையறை செய்யப்பட்டன என்பதால் 2019-ஓடு எண்ணுக்கு எண் ஒப்பிட வேண்டாம். கெத்தின்ஸ் அதே தேர்தலில் ஆர்ப்ரோத் அண்ட் பிராட்டி ஃபெர்ரி தொகுதியிலிருந்து மீண்டும் நாடாளுமன்றம் போனார்.

கேள்வி: இணையத்தில் தேடினால் இதே தொகுதிக்கு வில்லி ரென்னி என்ற பெயர் வருகிறது. யார் சரி?

இருவரும் சரி. ஒரே பெயரில் இரண்டு தொகுதிகள் இருந்தன. ஒன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்கு, மற்றது எடின்பரோவில் ஹோலிரூட் எனப்படும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு. 2005 மறுவரையறைக்குப்பின் எல்லைகளும் ஒன்றல்ல. ஹோலிரூட் தொகுதியை 1999 முதல் 2011 வரை லிபரல் டெமாக்ரட் இயன் ஸ்மித் வைத்திருந்தார், 2011-ல் எஸ்.என்.பி.யின் ரோடரிக் கேம்பல் பிடித்தார், 2016-ல் ரென்னி மீட்டார், 2021-லும் வென்றார். அட்டவணை தயாரிக்கும் மாணவர்கள் இரண்டையும் ஒரே பத்தியில் கலந்துவிடுவதுதான் வழக்கமான கோளாறு. ஹோலிரூட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு: தொகுதிக்கு ஒன்று, கட்சிகள் தரும் வட்டாரப் பட்டியலுக்கு ஒன்று. 73 பேர் தொகுதியிலிருந்து, 56 பேர் பட்டியலிலிருந்து, ஆக 129. தொகுதியில் தோற்ற கட்சிக்குப் பட்டியல் ஈடுகட்டுவதால், வேண்டாத கட்சியைத் தோற்கடிக்க வேறு கட்சிக்கு மாற்றி ஓட்டுப்போடும் கணக்கே அங்கே வேறு.

கேள்வி: என் மகள் செயின்ட் ஆண்ட்ரூஸில் படிக்கப் போகிறாள், இந்தியப் பாஸ்போர்ட். அவளுக்கு ஓட்டு உண்டா?

உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், தங்குவதற்கான விசாவோடு அங்கே வசித்தால், வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலிலேயே ஓட்டுப்போடலாம். இந்தியர், இலங்கையர், மலேசியர், சிங்கப்பூரர் எல்லாருக்கும் இது பொருந்தும். பக்கத்து அறைப் பிரெஞ்சு மாணவிக்கு அந்த ஓட்டு கிடையாது! ஆனால் ஹோலிரூட்டுக்கும் உள்ளாட்சிக்கும், 2020 சட்டத்தின்படி, சட்டபூர்வமாக வசிக்கும் எந்த நாட்டவரும் போடலாம். அவற்றுக்கு வயது 16 போதும். வெஸ்ட்மின்ஸ்டருக்கு 18, அதையும் 16 ஆக்கப்போவதாக 2025-ல் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது.

செய்ய வேண்டியது: விடுதியில் சேர்ந்ததும் அரசு இணையதளத்தில் அந்த முகவரிக்குப் பதிவு செய்வது. பல்கலைக்கழகம் தானாகச் சேர்த்துவிடும் என்று இருந்துவிடக்கூடாது; ஒவ்வொருவரும் தனித்தனியே பதிய வேண்டும். கடைசி நாள் ஓட்டுப்பதிவுக்கு 12 வேலைநாள் முன்பு நள்ளிரவு. தேசியக் காப்பீட்டு எண் கேட்பார்கள். இல்லாவிட்டால் இல்லை என்று குறிப்பிடலாம், வேறு ஆவணம் கேட்பார்கள். பிரிட்டனிலேயே வீடுள்ள மாணவர்கள் வீட்டு முகவரி, படிக்கும் முகவரி இரண்டிலும் பதியலாம். பொதுத்தேர்தலில் ஒன்றில் மட்டுமே போடலாம். இரண்டிலும் போட்டால் குற்றம்.

சாவடிக்குப் போகும்போது வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலுக்குப் படத்துடன் கூடிய அடையாளச் சான்று வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் ஏற்கப்படும், காலாவதியாகியிருந்தாலும் முகம் ஒத்துப்போனால் சரி. பல்கலைக்கழக அடையாள அட்டை ஏற்கப்படாது. மாணவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஹோலிரூட், உள்ளாட்சித் தேர்தல்களுக்கு எந்தச் சான்றும் தேவையில்லை.

ஜூன், ஜூலையில் தேர்தல் வந்தால் மாணவர் ஊரில் இருக்கமாட்டார். தபால் ஓட்டுக்கு 11 வேலைநாள் முன்பு மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதில் அடிக்கடி ஓட்டு வீணாவது ஓர் அற்ப விஷயத்தில்: கூடவே வரும் உறுதிமொழித் தாளில் பிறந்த தேதி கேட்ட இடத்தில் அன்றைய தேதியை எழுதிவிடுவார்கள். அல்லது கையெழுத்து விண்ணப்பத்தில் இருப்பதோடு ஒத்துப்போகாது. இரண்டில் எது பிசகினாலும் உள்ளே இருக்கும் சீட்டை எண்ணமாட்டார்கள். ஓட்டுப்பதிவு நாள் இரவு 10 மணிக்குள் சேர வேண்டும் என்பதால் இந்தியாவிலிருந்து அஞ்சலில் அனுப்புவதை நம்பாமல், உள்ளூரில் இருக்கும் நண்பரைப் பதிலியாக (நமக்காக ஓட்டுப்போடுபவராக) நியமிப்பது நல்லது. அதற்கு 6 வேலைநாள் முன்புவரை நேரம் உண்டு.

கேள்வி: 224 ஓட்டு வாங்கியவருக்கு எவ்வளவு செலவு?

டெபாசிட் 500 பவுண்டு. செல்லுபடி ஓட்டில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் திரும்ப வராது. அவரைச் சொல்வானேன், 2019-ல் 3.7 சதவீதத்தோடு லேபர் கட்சிக்கும் இங்கே அதே 500 பவுண்டு போயிற்று.